உறை கிழிக்காத கன்றுகள்

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இன்று முதல் நடவு. விண்ணரசி எங்கள் நடவுச் சங்கத்தில் எல்லோருக்கும் ஆளுக்கொரு டைரி கொடுத்து, சேற்றில் பார்ப்பதை எல்லாம் எழுதி வையுங்கள் என்றாள். கல்லூரியில் தாவரவியல் நடத்துகிற பிள்ளை, எதையும் எழுதத்தான் சொல்லும். கன்றைப் பற்றி மட்டும் எழுத என்னால் ஆகாது. ரேஷன் கடையில் எடை போடுகிறவள் நான். சிப்பித்துறையில் எந்த வீட்டுக் கதையும் என் தராசில் ஏறி இறங்காமல் போனதில்லை. எனக்குக் கேள்வி மெற்றில்டா என்று ஊரில் ஒரு பட்டப்பெயர் உண்டு. இருக்கட்டும், கேட்டால்தானே தெரியும்.

பூசை முடிந்த கையோடு சேற்றில் இறங்கினோம். தார்ச்சாலையை ஒட்டி வனத்துறை காட்டிய இடம் அது. முன்பு அலையாத்திக் காடாக இருந்ததாம், இப்போது வெறும் சேறு. ஓடைக் கரையில் மூங்கில் வேலிக்குள் நாற்றங்கால் போட்டு, கறுப்பு பிளாஸ்டிக் உறைகளில் கன்றுகளை வளர்த்து வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றாக எடுத்து, உறையை பிளேடால் கிழித்து, மண் உருண்டை உடையாமல் குழியில் இறக்க வேண்டும். உறையோடு நட்டால் வேர் உள்ளேயே சுற்றிச் சுற்றிச் செத்துப்போகும் என்று விண்ணரசி படித்துப் படித்துச் சொன்னாள்.

ஒரு சின்ன நண்டு. ஒரு கை மட்டும் உடம்பை விடப் பெரிது. அதைத் தூக்கித் தூக்கி ஆட்டுகிறது. எதற்கு என்று கேட்டேன். பெண் நண்டைக் கூப்பிடுகிறதாம். எல்லாம் வலது கைக்காரர்களா, இடது கைக்காரர்களும் உண்டா என்று கேட்டேன். விண்ணரசி கொஞ்சம் யோசித்துவிட்டு, பார்த்துச் சொல்கிறேன் அக்கா என்றாள். டீச்சரை மடக்கியதில் எனக்கு ஒரே சந்தோஷம்.

என் வீட்டுக்காரர் கஸ்பார் வரவில்லை. உப்பு லாரி ஓட்டுகிறவருக்கு ஞாயிற்றுக்கிழமைதான் தூக்கம். ஆனால் நான் வந்ததும் எழுந்து உட்கார்ந்து, கன்று எவ்வளவு உயரம், ஓடைக்கரை அரிக்கிறதை அது நிறுத்துமா என்று கேட்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அடுத்தடுத்து இரண்டு கேள்வி கேட்டது இதுதான் முதல் தடவை. நன்றாக நிறுத்தும் என்று நிபுணர் மாதிரி சொல்லிவைத்தேன்.

ஆகஸ்ட் 13

கால் நகத்தில் சேறு போகவே இல்லை. சோப்பு, புளி, சீயக்காய் எல்லாம் தோற்றுவிட்டன.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

நாற்றங்காலில் ஒரு வரிசை கன்று காணோம். வேலி ஒழுங்காக இருக்கிறது. கதவுக் கயிறு அவிழ்த்துத் திரும்பக் கட்டப்பட்டிருக்கிறது. ரொம்ப மரியாதை தெரிந்த திருடன் போலிருக்கிறது.

தொம்மை அண்ணன் ஒரே பிடியாக நிற்கிறார், இசக்கிமுத்து வேலைதான் என்று. அண்ணன் துறைமுகத்தில் காவலாளியாக இருந்து ஓய்வு பெற்றவர். யாரைப் பார்த்தாலும் பையைத் திறந்து காட்டச் சொல்கிற கண் இன்னும் போகவில்லை. இசக்கிமுத்து எருமை வைத்திருக்கிறார். சதுப்பில் எருமை மேயக் கூடாது என்று நாங்கள் தடுத்ததில் அவருக்கு மனத்தாங்கல் இருப்பது உண்மைதான்.

விண்ணரசி என்னைப் பார்த்து, அக்கா, நீங்க விசாரியுங்க என்றாள். பழம் நழுவிப் பாலில் விழுந்தது.

ஆகஸ்ட் 21

இசக்கிமுத்து கடைக்கு வந்தார். பால் கறந்து கறந்து விரல் ரேகை தேய்ந்துவிட்டது, மெஷினில் பதியவே பதியாது. விரலைத் துடைத்துத் துடைத்து வைக்கச் சொல்லிக்கொண்டே பேச்சுக் கொடுத்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது.

"யக்கா, எரும தின்னா பையோட தின்னுமா, பைய உரிச்சி வச்சிட்டுத் தின்னுமா? அங்க ஒரு பையாவது கெடந்துச்சா?"

கிடக்கவில்லை. அதை நான் ஏன் யோசிக்கவில்லை? உறையோடு போயிருக்கிறது என்றால் யாரோ எங்கோ நடத்தான் கொண்டுபோயிருக்கிறார்கள். இந்த உப்புச் சேற்றுக் கன்றை வீட்டுத் தோட்டத்தில் யார் வைப்பார்கள்? ஒரு பூ உண்டா, ஒரு காய் உண்டா? யோசித்துக்கொண்டே இருந்ததில் ஒருத்திக்குச் சர்க்கரைக்குப் பதில் துவரம்பருப்பை நிறுத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 28

மறுபடியும் கன்று குறைகிறது.

இவர் விடியும் முன்னே லாரிக்குப் போய்விடுகிறார். உப்பளத்தில் அவசர லோடாம். லுங்கியை ஊறப் போட்டால் தண்ணீர் கறுப்பாகிறது. உப்பளத்துச் சேறு இவ்வளவு கறுப்பா இருக்குமா? உள்ளங்கையில் சிப்பி கீறியது போல ஒரு வெட்டு. லாரித் தகரம் என்றார். மஞ்சள் அரைத்து வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

கண்டுபிடித்துவிட்டேன். அதாவது, கன்றுகளை.

நடவு முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு ஓடையோரமாகவே தனியாக நடந்தேன். சேற்றுக் கன்றைத் திருடியவன் எப்படியும் சேற்றில்தான் நட்டிருப்பான் என்று ஒரு கணக்கு. தண்ணீர் வற்றியிருந்தது. சேற்றில் தத்துகிற மீன்கள் என்னைக் கண்டதும் தத்தித் தத்திப் பொந்துக்குள் போயின. மீன் எதற்குத் தரையில் நடக்கிறது என்று விண்ணரசியிடம் கேட்க வேண்டும். ஓடை வளைகிற இடத்தில் கல்லறைத் தோட்டத்தின் பின்பக்கம் வருகிறது. அங்கே கரையை ஓடை தின்றிருக்கிறது. சுற்றுச்சுவரின் மூலை அடியில் மண் இல்லாமல் தொங்குகிறது. முன்வாசல் வழியாக வந்து போகிறவர்களுக்கு இது தெரியவே தெரியாது.

அந்தச் சரிவில்தான் எங்கள் கன்றுகள். கோணல்மாணலாக, நெருக்கியடித்து. எல்லாம் உறையோடு. மடையன் ஒன்றைக்கூடக் கிழிக்கவில்லை. பாதிக்கு மேல் இலை மஞ்சளித்துப்போயிருந்தது. இது எங்கள் ஆள் யாருடைய வேலையும் இல்லை என்பது அப்போதே தெரிந்துபோயிற்று. இதைச் செய்தவனுக்கு நடவு தெரியாது, அவசரம் மட்டும் தெரியும்.

திருடனைப் பிடிக்க வந்தவள் நான். ஆனால் அந்த மஞ்சள் இலைகளைப் பார்த்துவிட்டு எப்படித் திரும்ப? உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கி, உறையைக் கிழித்து, இடம் விட்டு நட்டேன். முதுகு ஒடிந்துவிட்டது. உறைகளை முந்தானையில் கட்டிக்கொண்டு வந்தேன்.

விண்ணரசியிடம் இன்னும் சொல்லவில்லை. ஏன் என்று தெரியவில்லை.

செப்டம்பர் 9

ராத்திரி மத்தி மீன் குழம்பு. இவர் சோற்றைப் பிசைந்தபடி, என் முகத்தைப் பார்க்காமல், அந்தக் கன்றுக்கு உறையை எதற்குக் கிழிக்கிறீர்கள் என்று கேட்டார். வேர் வெளியே போக வழி வேண்டாமா என்றேன். ஓகோ என்றார். நான் இன்னொரு அகப்பை குழம்பு ஊற்றினேன். வேறு எதுவும் கேட்கவில்லை.

கோயம்புத்தூரில் படிக்கிற மகன் போன் பண்ணினான். தீபாவளிக்கு வருகிறானாம்.

செப்டம்பர் 14, ஞாயிறு

கூட்டத்தில் தொம்மை அண்ணன் சத்தம் போட்டார். திருடனைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும், ஊர்க் கமிட்டியில் சொல்லி இசக்கிமுத்துவின் எருமைகளைப் பட்டியில் அடைக்க வேண்டும் என்கிறார். விசாரணை என்ன ஆயிற்று என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நடந்துகொண்டிருக்கிறது என்றேன். எனக்கே என் குரல் பிடிக்கவில்லை.

சாயங்காலம் வளைவுக்குப் போய்ப் பார்த்தேன். நான் மாற்றி நட்டதில் புதுத் துளிர். பக்கத்தில் புதிதாக ஒரு வரிசை, உறை கிழித்து, இடைவெளி விட்டு. சொன்னால் பிடித்துக்கொள்கிற திருடன்.

செப்டம்பர் 16

இன்று கடை விடுமுறை. கல்லறைத் தோட்டத்துக்கு முன்வாசல் வழியாகவே போனேன்.

இத்தனை வருஷமாகக் கல்லறைத் திருநாள் அன்று நான் உவரிக்குப் போய்விடுவேன், என் அப்பா அம்மா கல்லறைக்கு. இவர் இங்கே தனியாகப் போவார். அவரவர் கல்லறைக்கு அவரவர். அப்படித்தான் பழக்கம். சாவு வீட்டுக்காக இங்கே வந்திருக்கிறேன், ஆனால் பின் மூலைக்குப் போனதில்லை.

தொங்குகிற சுவருக்கு உள்பக்கம், கடைசிக் கல்லறை. ஜெசிந்தா கஸ்பார். வெள்ளை அடித்து ரொம்ப நாள் ஆகியிருக்காது. சுண்ணாம்பு என் விரலில் ஒட்டியது. கஸ்பார் என்ற அந்தப் பின்பாதியோடுதான் என் பெயரும் ரேஷன் அட்டையில் இருக்கிறது.

இவருக்கு முதலில் ஒரு மனைவி இருந்தாள், நோயில் போய்விட்டாள், பிள்ளை இல்லை. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். கல்யாணத்தின்போது, மூத்தவளைப் பற்றி மட்டும் வாயைத் திறக்காதே, குடும்பம் நடத்த முடியாது என்று அம்மா சொல்லி அனுப்பினாள். ஊரில் எல்லோரையும் கேள்வி கேட்கிற நான் என் வீட்டில் அந்த ஒன்றை மட்டும் கேட்டதே இல்லை.

பொறாமையாக இருந்தது. செத்தவள் மேல் பொறாமைப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. எனக்காக இவர் எப்போதாவது எதையாவது திருடியிருக்கிறாரா?

செப்டம்பர் 17

இவரோடு பேசவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டேன். சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தார். சர்க்கரை போட மறந்துவிட்டார்.

செப்டம்பர் 21, ஞாயிறு

விண்ணரசியிடம் பொதுவாகக் கேட்பது போலக் கேட்டேன். கரை இடிகிற இடத்தில் கன்று வைத்தால் நிற்குமா? மரமானால் நிற்கும், அதற்கு வருஷங்கள் ஆகும், இந்த மழையை இந்தக் கன்றுகள் தாங்காது என்றாள். முதலில் சவுக்குக் கம்பு அடித்து மணல் மூட்டை அடுக்க வேண்டும், அதற்குப் பின்னால் கன்று. ஓர் ஆள் வேலை இல்லை, நாம் எல்லோரும் இரண்டு மூன்று ஞாயிறு நின்றால் ஆகும்.

"யாருக்காகக்கா கேக்கீங்க?"

சும்மாதான் என்றேன். அவள் நம்பவில்லை. நல்ல பிள்ளை, மேலே கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதும் ஒரு திறமைதான், எனக்கு வராது.

ஐப்பசிக்கு அதிக நாள் இல்லை. இவரிடம் கரையை நிறுத்தும் என்று சொன்னது நான்தான். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் மனிதர் தனியாளாகக் குச்சி குச்சியாக நட்டுக்கொண்டிருக்கிறார்.

செப்டம்பர் 25

எருமைகளைப் பட்டியில் அடைத்துவிட்டார்கள். இசக்கிமுத்து கடை வாசலில் வந்து நின்றார். சாமான் வாங்க வரவில்லை.

"கறவ மாடுக்கா. கன்னு வெளிய நின்னு கத்துது, தாயி உள்ள நின்னு கத்துது. நா என்ன பாவம் பண்ணுனேன்?"

எனக்கு அங்கேயே நிற்க முடியவில்லை. கடையைப் பூட்டி வீட்டுக்கு வந்தேன். இவர் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். சோறு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தேன்.

"உறைய எல்லாம் கிழிச்சி முடிச்சிட்டியளா?"

கை தட்டிலேயே நின்றது. "மொதல்ல நட்டத நீயாட்டி கிழிச்ச?" என்றார்.

"நாந்தான்."

"நல்லாத் துளுத்திருக்கு" என்றார். அதைக் கேட்டதும் எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா, சங்கத்தில் கேட்டிருக்கக் கூடாதா என்று கத்தினேன்.

"எந்த மூஞ்சிய வச்சிக் கேக்க? பொண்டாட்டி நடுத எடத்துல போயி, மூத்தவளுக்குக் கன்னு குடுங்கன்னா? நீ சங்கடப்படுவலா." கையைத் துடைத்துக்கொண்டார். "அவளுக்கு வேற யாரு இருக்கா மெற்றில்டா? புள்ள இல்ல. கூடப்பொறந்தவன் எங்க கெடக்கான்னு தெரியாது. அந்தக் கல்லும் ஓடையில போயிட்டுன்னா, அப்பிடி ஒருத்தி இருந்தான்னே இல்லாமப் போயிரும்."

எருமை விஷயம் அவருக்குத் தெரியாது. சொன்னேன். சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். ஞாயிறு வரை பொறுங்கள், கூட்டத்தில் நான் பேசுகிறேன் என்றேன். எருமை ஞாயிறு வரை பொறுக்குமா என்று கேட்டுவிட்டுச் செருப்பை மாட்டினார். கமிட்டித் தலைவர் வீட்டுக்குப் போய்த் திருடினது நான்தான் என்று சொல்லிவிட்டு, பட்டியைத் திறந்துவிட்டு வந்தார். இசக்கிமுத்து இவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் எருமைகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டாராம்.

செப்டம்பர் 28, ஞாயிறு

ஊருக்கே தெரிந்த விஷயத்தைச் சொல்ல எழுந்து நிற்பது எவ்வளவு கஷ்டம். கோவில் கூடத்தில் இத்தனை பேரை ஒன்றாகப் பார்த்ததில்லை. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் பாதி. இவர் கதவோரம் நின்றார்.

நான் விசாரித்த திருடன் என் வீட்டில்தான் இருக்கிறான் என்றேன். யாரோ சிரித்தார்கள். எதற்குத் திருடினார் என்று சொன்னதும் சிரிப்பு நின்றது. மூத்தாளுக்காக இளையாள் எழுந்து பேசுகிறாளே என்று பெண்கள் பக்கம் ஒரு முணுமுணுப்பு. பேசட்டும். நாமும் நாலு பேரைப் பற்றிப் பேசியவர்கள்தானே.

விண்ணரசி ஒன்றே ஒன்று கேட்டாள், எந்த இடம் என்று. சுவர் மூலை தொங்குவதையும் ஓடை எவ்வளவு தூரம் உள்ளே வந்துவிட்டது என்பதையும் சொன்னேன். வருஷத்துக்கு ஒரு நாள் மெழுகுவத்தியோடு முன்வாசல் வழியாகப் போய், அவரவர் கல்லறையைப் பார்த்து, அதே வழியாக வந்துவிடுகிறோம். பின்பக்கம் போய் எட்டிப் பார்க்க யாருக்குத் தோன்றியது? தொம்மை அண்ணன் மெல்ல உட்கார்ந்தார். அவர் அப்பா கடைசிக்கு முந்தின வரிசையில் இருக்கிறார்.

பிறகு அண்ணனே எழுந்தார். "உப்பத் தின்னவன் தண்ணி குடிச்சித்தான் ஆவணும். கஸ்பார், லாரியில மணல் கொண்டாந்து எறக்கும். எறக்கிட்டு ஓடிரப்பிடாது, கூட நிக்கணும்."

இவர் தலையாட்டினார். விண்ணரசி வனத்துறையில் கேட்டுச் சொல்கிறேன் என்றாள்.

அக்டோபர் 5, ஞாயிறு

அனுமதி வந்துவிட்டது. மணல் வந்துவிட்டது. மூட்டை கட்டியாயிற்று. பூசை முடிந்து எல்லோரும் மண்வெட்டியும் கம்புமாகப் போனால், தண்ணீர் இடுப்பளவு நிற்கிறது. ஒரு மூட்டைகூட வைக்க முடியவில்லை.

முதல் நாளிலிருந்து விண்ணரசி சொல்லிக்கொண்டுதான் இருந்தாள், நடவு ஓதத்தை, கடல்தண்ணீர் ஏறி வற்றுவதைப் பார்த்து நடக்க வேண்டும், மணியைப் பார்த்து இல்லை என்று. நாங்கள்தான் பூசைக்கு முன்னால் சேற்றில் இறங்கினால் பாவம் என்று இருந்தோம். சாலையோரக் கன்றுகள் பல செத்ததற்கும் அதுதான் காரணமாம். தண்ணீருக்குள் குத்துமதிப்பாக நட்டால் எப்படிப் பிழைக்கும்? எல்லோருமாகப் பங்குச் சாமியாரிடம் போனோம். அவர் காலண்டரை எடுத்து, நீர் வற்றுகிற நேரத்தைக் கேட்டு, அடுத்த ஞாயிறுப் பூசையைச் சனிக்கிழமை மாலைக்கு மாற்றிவிட்டார். இவ்வளவு சுலபமா? இதை யாரும் இதுவரை கேட்கவில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

கம்பு அடித்து, மூட்டை அடுக்கி, பின்னால் கன்று வைத்தோம். இவரும் நானும் ஒரே வரிசை. இவர் குழி தோண்ட, நான் உறை கிழிக்க. ஒரு கன்றின் மண் உருண்டையை உடைத்துவிட்டார், எல்லோர் முன்னாலும் திட்டினேன். தொம்மை அண்ணனுக்கு ஆனந்தம்.

இசக்கிமுத்து வரவில்லை. எங்கள் வீட்டுக்குப் பால் ஊற்றுவதையும் நிறுத்திவிட்டார். நியாயம்தான்.

அக்டோபர் 19, ஞாயிறு

மிச்ச மூட்டைகளும் வைத்தாயிற்று. மகன் வந்திருக்கிறான். அவனும் இறங்கினான். யார் கல்லறை அம்மா என்று கேட்டான். உன் பெரியம்மா என்றேன். வாயில் அப்படித்தான் வந்தது.

அக்டோபர் 24

விடாத மழை. பள்ளிக்கூடம் லீவு. கடையில் அரிசி மூட்டைக்கு அடியில் ஈரம்.

அக்டோபர் 27

மழை விட்டதும் போய்ப் பார்த்தோம். சுவர் மூலை விழுந்துவிட்டது. கன்றுகளில் பாதியை ஓடை கொண்டுபோயிற்று. இரண்டு கம்பு சாய்ந்திருக்கிறது. மூட்டைகள் நிற்கின்றன. கல்லறை நிற்கிறது.

விண்ணரசி சிரித்துக்கொண்டே, பாதி நின்றதே பெரிது என்றாள். தை மாதம் மறுபடியும் நட வேண்டும்.

நவம்பர் 2, ஞாயிறு. கல்லறைத் திருநாள்

உவரிக்கு மகன் போயிருக்கிறான், தாத்தா பாட்டிக்கு மெழுகுவத்தி கொளுத்த. நான் இவரோடு போனேன்.

கூட்டம் நெருக்கித் தள்ளியது. பின் மூலையில் மட்டும் ஆள் இல்லை. விழுந்த சுவர் வழியாக ஓடைக் காற்று நேராக வந்து மெழுகுவத்தியை அணைத்துக்கொண்டே இருந்தது. நான் முந்தானையை மறைப்பாகப் பிடித்தேன், இவர் கொளுத்தினார். சாமந்தி மாலையை நான்தான் போட்டேன்.

ஜெபம் முடிந்தது. இவர் கிளம்புவார் என்று பார்த்தேன், கிளம்பவில்லை. எனக்கு நாக்கு நமநமத்தது. அம்மா சொல்லி அனுப்பியது நினைவில் இருந்தது. இருந்தும் கேட்டுவிட்டேன்.

"இவ எப்பிடி? நல்லாப் பேசுவாளா?"

இவர் என்னைப் பார்த்தார். பிறகு கல்லைப் பார்த்தார்.

"பேசவே மாட்டா. ஒண்ணு கேக்க மாட்டா, ஒண்ணு சொல்ல மாட்டா. வயித்துல வலின்னு அவ வாயத் தொறந்து சொல்லும்போது எல்லாம் முத்திப்போச்சி. நானும் கேக்கல. நல்லாத்தான் இருக்கான்னு லாரி ஓட்டிக்கிட்டுத் திரிஞ்சேன்."

நான் சரிந்த மாலையை நேராக்கினேன்.

"ஒன்னையப் பொண்ணு பாக்க வந்த அன்னைக்கி, லாரிக்கு எத்தன டயரு, உப்பு மழையில கரையாதான்னு நீ கேட்டுக்கிட்டே இருந்த. ஒங்கப்பாவுக்கு ஒரே வெக்கம், உள்ள போடின்னாரு. நா அப்பமே சரின்னுட்டேன். இந்தப் பொண்ணு வீட்டுல ஒண்ணையும் கேக்காம விட மாட்டான்னு."

மெழுகுவத்தி மறுபடியும் அணைந்தது. எனக்குக் கண்ணீர் மறைத்ததில் தீப்பெட்டி எங்கே என்று தெரியவில்லை. இவர் தேடி எடுத்துக் கொளுத்தினார்.

அதற்குப் பிறகு நான் கேட்டேன். எந்தப் பக்கம் வலி, எப்போது ஆரம்பித்தது, சாப்பிட முடிந்ததா, கடைசியில் யார் பக்கத்தில் இருந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். இவர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார்.